தின்ன முடியாத பொரி

பம்பின் வயிற்றிலோ மோட்டாரின் முதுகிலோ கொதிகலனின் நெற்றியிலோ ஒரு சின்னப் பித்தளைத் தகடு இருக்கும். எத்தனை அழுத்தம் தாங்கும், எந்த வருஷம் செய்தது, என்ன எண் என்று அதில் வெட்டியிருக்கும். நின்று படிப்பவர் யாரும் இல்லை. கோளாறு என்று வந்துவிட்டால் மட்டும் எல்லாரும் முதலில் ஓடிப்போய்ப் பார்ப்பது அதைத்தான். பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் அப்படித் தகடு வெட்டுகிறவர்களில் ஒருவர் அப்பாதுரை. ஐம்பத்தெட்டு வயது. வீடு மர்ஃபி டவுனில்.

தொழிலை அவருக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. பதினேழு வயதில் பட்டறையைப் பெருக்கப் போனவர், பெருக்குகிற நேரம் போக மீதி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பெரிய எழுத்தின் மேல் ஒரு ஊசியை ஓட்டினால் பக்கத்தில் அதே எழுத்தைச் சின்னதாக வெட்டும் இயந்திரம் ஒன்று அங்கே இருந்தது. அதில் வெட்டிய எழுத்து சரியாகத்தான் இருந்தது, அழகாக இல்லை. ஏன் அழகாக இல்லை என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓசூர் ரோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய் நூறு நூற்றைம்பது வருஷத்துக் கற்களின் முன்னால் குந்தி உட்கார்ந்துகொண்டு எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார். காவல்காரர் செத்தவரின் பேரன் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தாராம். ஒரு கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது, முனையில் எப்படிச் சின்னக் கால் வைத்து நிற்கிறது என்பதெல்லாம் கைக்கு வர ஆறு வருஷம் ஆயிற்று. இப்போது லேசர் வந்துவிட்டது. அப்பாதுரையே ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். ஆனால் லேசருக்கும் எழுத்தின் வடிவத்தை அவர்தான் வரைந்து கொடுக்கிறார்.

நாற்பது வருஷம் குனிந்ததில் வலது தோள் இறுகிவிட்டது. கை காதுக்கு மேலே போகாது. பஸ்ஸில் கம்பியை இடது கையால்தான் பிடிப்பார்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் லாயிட் என்ற ஆங்கிலோ இந்தியர் தேக்கு மரக் கேடயம் ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பொம்மசந்திராவைத் தாண்டி ஆனேக்கல் போகும் வழியில் ஒரு தனியார் ஏரியைக் குத்தகைக்கு எடுத்துத் தூண்டில் சங்கம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். மீனைப் பிடிக்கலாம், எடை போடலாம், படம் எடுக்கலாம், ஆனால் திருப்பித் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அதுதான் சங்கத்தின் விதி. கேடயத்தில் லத்தீன் வாசகம் வெட்ட வேண்டும் என்றார்.

"எனக்கு லத்தீன் தெரியாதே சார்," என்றார் அப்பாதுரை.

"எனக்கும் தெரியாது மேன். ஸ்கூல் பேட்ஜில இருந்த நாலு வார்த்தை தெரியும். பார்க்கிறதுக்கு லத்தீன் மாதிரி இருந்தா போதும்."

கேடயத்தைக் கொடுக்க ஏரிக்குப் போன அப்பாதுரை மத்தியானம் வரைக்கும் கரையில் நின்று மிதக்கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறும் போனார். மூன்றாவது வாரம் சந்தா கட்டிவிட்டார்.

மனைவி லட்சுமம்மா இன்றுவரை ஒன்றையே சொல்வாள். "விடியக்காலம் எழுந்து, அரைக் கிலோ ராகி மாவைக் கிளறி எடுத்துக்கிட்டு, அம்பது கிலோமீட்டர் போய் மீனைப் பிடிச்சு, அதைத் தண்ணியிலேயே விட்டுட்டு வெறுங்கையோட வர்ற ஆளை நான் இந்த ஒரு வீட்டுலதான் பார்த்தேன்."

சங்கத்தில் இரண்டு கட்சி. ராகிக் களியில் கடலைப் புண்ணாக்கும் வெல்லமும் கலந்து உருட்டிக் கொக்கியில் வைத்து அடியில் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் ராகிக் கட்சி. பீன்யா, பொம்மசந்திரா தொழிற்சாலை ஆட்கள், கண்டோன்மென்ட் பக்கத்துப் பழைய ஆட்கள் எல்லாம் இதில். இறகையும் நூலையும் கொக்கியில் சுற்றி ஈ போலவோ தட்டான் போலவோ செய்து, மெல்லிய கழியால் தலைக்கு மேலே சாட்டை மாதிரி சுழற்றி நீரின் மேல் வீசுகிறவர்கள் இறகுக் கட்சி. இவர்கள் பெரும்பாலும் எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனிக்காரர்கள். இடுப்பளவு ரப்பர் கால்சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள். தலைவன் தருண். கூட வருகிற சௌம்யா திருச்சிப் பெண். சாப்ட்வேர் வேலை, வாரத்தில் நாலு ராத்திரி ஈ கட்டுவாள்.

வருஷத்துக்கு ஒரு போட்டி. அன்றைக்குப் பிடிபடும் மிகப் பெரிய மீன் எந்தக் கட்சியுடையதோ, கேடயம் அந்த வருஷம் அவர்களுக்கு. பித்தளைத் தகட்டில் இரண்டு பத்தி. இடது ராகி, வலது இறகு. பிடித்தவர் பெயரையும் மீனின் எடையையும் கரையிலேயே, எல்லார் கண் முன்னாலும் அப்பாதுரை கையால் வெட்டித் தர வேண்டும். வருஷத்து வாசகத்தை இயற்றும் உரிமையும் மீன் பிடித்தவருக்கே. அதற்கு அர்த்தம் இருக்கிறதா என்று லாயிட் பார்க்க மாட்டார். காதில் லத்தீன் போல விழுகிறதா என்பதை மட்டும் கண்ணை மூடிக் கேட்டுச் சொல்வார்.

முதல் வருஷம் ஜெயித்தது மஞ்சுநாத். பொம்மசந்திராவில் லேத் பட்டறை வைத்திருக்கிறவன், ராகிக் கட்சியின் தளபதி, தாய்மொழி கன்னடம். அவன் இயற்றியது 'முத்தேயுஸ் மாக்ஸிமுஸ்'. கன்னடத்தில் முத்தே என்றால் களி உருண்டை; களி உருண்டையே பெரிது என்று பொருளாம். மறு வருஷம் இறகுக் கட்சி 'நோன் வெர்மிஸ் செட் ப்ளூமா' என்றது. புழு அல்ல, இறகு. அதில் உண்மையிலேயே லத்தீன் இருந்ததால் ராகிக் கட்சி அதை மோசடி என்றது. பதிலுக்கு மஞ்சுநாத் ஒரு துணிப் பதாகையைத் தைத்து, நீண்ட மூங்கிலில் கட்டிக் கரையில் நட்டான். அதில் இருந்தது: 'கோட்டுஸ் சூட்டுஸ் மீன் இல்லுஸ்'.

எந்தக் கட்சி ஜெயித்தாலும் அதன் வாசகத்தை வெட்டுவது அப்பாதுரை. எதிரியின் வாசகத்தில் ஒரு எழுத்தைக்கூட அவர் அழகு குறைத்து வெட்டவில்லை. "குரு, நம்மதைவிட அவங்களுது நல்லா வந்திருக்கே," என்று மஞ்சுநாத் குறைப்பட்டுக்கொண்டான். "அவங்களுதுல எழுத்துங்க நல்லா அமைஞ்சிருக்கு. நான் என்ன பண்ண," என்றார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தகராறு. இறகுக் கட்சியில் ஒருவர் நிஜ ரொட்டித் துணுக்கைக் கொக்கியில் குத்தி வீசிவிட்டு அதுவும் ஈதான் என்று சாதித்தார். மஞ்சுநாத் விடவில்லை. "மீன் தின்னக்கூடியதா இருந்தா அது இரை. மீன் தின்ன முடியாததா இருந்தா அது ஈ. எழுதிக்கோங்க சார்." லாயிட் நோட்டுப் புத்தகத்தில் அப்படியே எழுதிக்கொண்டார். இரு கட்சியும் கையெழுத்துப் போட்டது. அன்றைக்கு அந்த விதியால் ராகிக் கட்சிக்கு வெற்றி.

இந்த வருஷம் ஏரியின் சொந்தக்காரர் சின்னப்பா, குத்தகை புதுப்பிக்கும்போது ஒரு நிபந்தனை போட்டார். களியும் புண்ணாக்கும் விழுந்து விழுந்து தண்ணீர் புளிக்கிறதாம். அதே நேரம் இறகுக்காரர்கள் நீருக்குள் இறங்கி நடந்து கரையைச் சரிக்கிறார்களாம். "ரெண்டையும் தாங்க முடியாது. யாராவது ஒரு கட்சி இருங்க. யாருன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க." பேசிப் பார்த்துத் தீராமல், போட்டியிலேயே தீர்த்துக்கொள்வது என்று ஒப்புக்கொண்டார்கள். தோற்ற கட்சியின் முறை அடுத்த ஞாயிறிலிருந்து அந்த ஏரியில் கிடையாது.

மற்றவர்களுக்கு அது ரோஷம். அப்பாதுரைக்கு அப்படி இல்லை. இறகுக்காரர்கள் களியைக் கற்றுக்கொள்ளலாம், மஞ்சுநாத் வீசக் கற்றுக்கொள்ளலாம். காதுக்கு மேலே போகாத கையை வைத்துக்கொண்டு அவர் எதை வீசுவார்? இறகு ஜெயித்தால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை முடிந்தது.

செப்டம்பரில் நடக்க வேண்டிய போட்டி மழையால் தள்ளிப் போயிற்று. ஆயுத பூஜைக்கு அடுத்து வரும் ஞாயிறுதான் எல்லாருக்கும் தொடர் விடுமுறை என்று லாயிட் அதைக் குறித்தார். யாரும் மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டும் என்பது ஞாயிறு காலை ஏழரை மணிக்குத் தெரிந்தது.

ஏரியின் கிழக்கு மூலை வெள்ளையாக இருந்தது. காற்று ஒதுக்கிக் கொண்டு வந்த பொரி, பாய் விரித்தாற்போல் அடுக்கடுக்காக மிதந்தது. நடுநடுவே சாமந்தி இதழ்கள், உடைத்த பூசணித் துண்டு. அந்த வெள்ளைக்குள் அங்கங்கே வட்டமாக ஒரு வாய் திறந்து மூடுவதும், ப்ளக் என்று சத்தம் வருவதுமாக இருந்தது. கெண்டைகள். பெரிய பெரிய புல்கெண்டைகள், வாழ்நாளில் இப்படி ஒரு விருந்தைப் பார்த்திராதவை.

"யார் வேலை இது?" என்றார் லாயிட்.

பெங்களூரில் பூஜை முடிந்த பட்டறைக்காரர்கள் எல்லாருக்கும் அந்த வேலை தெரியும். பொரி மூட்டை மூட்டையாக வாங்குவார்கள், பாதிக்குமேல் மிஞ்சும். சாமிக்கு வைத்ததைக் குப்பையில் கொட்ட மனசு வராது. ஏரியில் போட்டால் மீன் தின்னும், புண்ணியமும் வரும். அப்பாதுரையே தன் பட்டறையில் மிஞ்சிய மூட்டையை டெம்போக்காரனிடம் கொடுத்து, போகிற வழியில் எந்த ஏரியிலாவது போட்டுவிடச் சொல்லியிருந்தார்.

மஞ்சுநாத் தன் செருப்பையே பார்த்தான்.

"நீயா?" என்றார் அப்பாதுரை.

"எங்களுது ரெண்டு மூட்டைதான் குரு. பக்கத்துப் பட்டறைக்காரன் ஏழு மூட்டை போட்டான். நான்தான் இந்த ஏரியைக் காட்டினேன்," என்றான் மஞ்சுநாத். "மீன் நல்லா கொழுக்கட்டும்னு நினைச்சேன்."

மேலே சோறு மிதக்கும்போது அடியில் கிடக்கும் களியை எந்த மீன் தேடும்? ராகிக் கட்சியின் மிதக்கட்டைகள் ஆணி அடித்தாற்போல் நின்றன. இறகுக் கட்சிக்கும் அதே கதி. தட்டானைப் போட்டார்கள், வெட்டுக்கிளியைப் போட்டார்கள். மீன்கள் அவற்றை ஒதுக்கிவிட்டுப் பொரிக்குப் போயின. தருண் பெட்டியிலிருந்த வெள்ளை அந்துப்பூச்சியை எடுத்து வீசினான். ஒரு மீன் கிட்டே வந்து பார்த்தது, திரும்பிக்கொண்டது. மஞ்சுநாத் நிஜப் பொரியையே கொக்கியில் குத்தினான். வீசும்போதே பாதி தெறித்தது. மீதி, கொக்கி குத்திய ஓட்டையில் தண்ணீர் ஏறி அரை நிமிஷத்தில் கரைந்தது. நாலு பொரியைச் சேர்த்து நூலால் கட்டினான், அதுவும் கஞ்சியாயிற்று.

பத்து மணிக்குக் கணக்கு: ராகி பூஜ்யம், இறகு பூஜ்யம். பன்னிரண்டுக்கு விசில்.

அப்பாதுரை தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டுக் கிழக்கு மூலைக்குப் போய்க் குந்தி உட்கார்ந்தார். கல்லறைக் கற்கள் முன்னால் உட்கார்ந்த அதே உட்காரல். மீன் எதைத் தின்கிறது என்று பார்த்தார். பொரியைத் தின்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் எந்தப் பொரியை? ஒரு மீன் மூன்று பொரிகளைத் தாண்டிப்போய் நாலாவதைத் தின்றது. இன்னொன்று ஒரு பொரியை மூக்கால் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்தது. அவர் எண்ண ஆரம்பித்தார். இருபது, முப்பது வாய்கள் ஆனதும் புரிந்தது. இன்னும் நனையாமல், நீரின் மேல் உயர்ந்து மிதக்கும் பொரியை மீன்கள் தொடவில்லை. ஊறிப் பாதி அமிழ்ந்து, ஒரு முனை மட்டும் சற்றே கீழே சாய்ந்து கிடக்கும் பொரியைத்தான் எடுத்தன.

கரையும் முன் இருக்கும் பொரி. அந்த நிலையிலேயே கரையாமல் நிற்கிற ஒரு பொரி இருந்தால்?

தகடு வைத்துக் கொண்டுவந்த பெட்டியை எடுத்தார். தகட்டுக்குக் கீறல் படாமல் இருக்க உள்ளே வெள்ளை நுரை அட்டை வைத்திருந்தார். அதன் மூலையில் விரல்நகம் அளவு கிள்ளி எடுத்தார். பெயர் வெட்டக் கொண்டுவந்த சிற்றுளியால் செதுக்கத் தொடங்கினார். நிஜப் பொரி ஒன்றை இடது கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து. பொரி உருண்டை இல்லை. ஒரு பக்கம் உப்பி, ஒரு பக்கம் தட்டை. நடுவில் நீளவாக்கில் ஒரு மெல்லிய பள்ளம், இரு முனையிலும் லேசான பழுப்பு. பள்ளத்தை ஒரே இழுப்பில் வெட்டினார். பழுப்புக்குத் தோளில் கிடந்த துண்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த காய்ந்த களியை நினைத்தார். களி தின்னக்கூடியது. வேண்டாம் என்று வெற்றிலைப் பெட்டிக்குள் இருந்த துருவைத் தொட்டுத் தடவினார்.

முதலாவது உயரமாக மிதந்தது. இரண்டாவது மூழ்கிப்போயிற்று. மூன்றாவதற்குச் சட்டைப் பையின் தையலில் எப்போதும் சிக்கியிருக்கும் பித்தளைச் சீவலில் ஒரு முடியளவு எடுத்துப் பள்ளத்தின் ஒரு முனையில் அழுத்தினார். நீரில் விட்டார். பாதி அமிழ்ந்து, ஒரு முனை தாழ்ந்து, அப்படியே நின்றது. பக்கத்தில் நிஜப் பொரி ஒன்று மிதந்து வந்தது. சற்று நேரம் எது எது என்று அவருக்கே தெரியவில்லை.

சின்னக் கொக்கியில் அதைத் துண்டு நூலால் கட்டினார். ஆனால் தூண்டிலில் போட்டு எறிந்தால் ஈயக்குண்டு விழுந்து மீன் கலையும். குண்டில்லாமல் எறியக் கை மேலே போகாது. சுற்றிப் பார்த்தார். 'கோட்டுஸ் சூட்டுஸ்' பதாகை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"மஞ்சு, கொடியை அவுரு."

"எதுக்கு குரு? சரணடையறோமா?"

"மூங்கில் வேணும்."

பதினாறு அடி மூங்கில். நுனியில் தூண்டில் நரம்பைக் கட்டி, அடிமுனையை இடுப்பில் முட்டுக் கொடுத்து, இரண்டு கையாலும் தாழ்வாகப் பிடித்துக்கொண்டு பொரிப் பாயின் ஓரத்துக்கு நீட்டினார். எறியவே இல்லை. மெதுவாக இறக்கி வைத்தார்.

ஒரு வாய் வந்தது, பக்கத்துப் பொரியை எடுத்துக்கொண்டு போயிற்று. இன்னொன்று வந்தது. அவருடைய பொரிக்குக் கீழே நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அந்த நேரத்தில் ஏரி, குத்தகை, கேடயம் எதுவும் அப்பாதுரை மனத்தில் இல்லை. அது அந்தப் பள்ளத்தை நம்புகிறதா இல்லையா என்பது ஒன்றுதான் தெரிய வேண்டும்.

ப்ளக்.

மூங்கில் வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது. தளர்த்தி விடுவதற்கு மேற்கொண்டு நரம்பு இல்லை என்பதால் மீன் போன பக்கமெல்லாம் அவர் போனார். செருப்போடு முழங்கால் நீரில், முள்செடி ஓரமாக, திரும்ப மேடு ஏறி. "இடுப்பை விடாதே குரு" என்று மஞ்சுநாத் கூடவே ஓடினான். வலையை எதிர்க்கட்சிதான் பிடிக்க வேண்டும் என்பது சங்கத்து வழக்கம், அப்போதுதான் பின்னால் பேச்சு வராது. சௌம்யா வலையோடு இறங்கினாள். கால்மணி நேரம் கழித்துப் புல்கெண்டை பக்கவாட்டில் சாய்ந்தது. அவள் நேர்மையாக, ஒரே வீச்சில் அள்ளினாள்.

லாயிட் தராசோடு வந்தார். மூன்று கிலோ நானூறு. மீனின் உதட்டில் வெள்ளையாய் ஒட்டியிருந்ததைக் குனிந்து பார்த்தார்.

"பொரி," என்றார்.

"பொரியேதான்," என்றாள் சௌம்யா. "எப்படி அங்கிள் கரையாம நின்னுச்சு?"

லாயிட் நோட்டைத் திறந்தார். "பொரி தின்னக்கூடியது. அப்போ இரை. ராகிக் கட்சி மீன்." மணி பதினொன்று ஐம்பது. மஞ்சுநாத் பதாகையைத் தோளில் போர்த்திக்கொண்டு தருணுக்கு ஒரு கும்பிடு போட்டான்.

அப்பாதுரை கொக்கியைக் கழற்றி மீனை இரு கையிலும் தாங்கி நீரில் விட்டார். அது போவதைப் பார்த்தார். உள்ளங்கையில் நுரைப் பொரி இருந்தது. வாயை மூடிக்கொண்டு பத்து நிமிஷம் இருந்தால் போதும். அவருடைய ஞாயிற்றுக்கிழமை அவருக்கே. பொய்கூடச் சொல்ல வேண்டாம், லாயிட் பார்த்தார், லாயிட் சொன்னார்.

ஆனால் நாற்பது வருஷமாக அவர் தகட்டில் வெட்டியது, பின்னால் இருக்கும் இயந்திரம் எதுவோ அதைத்தான். பத்து அலகு அழுத்தம் தாங்கும் கொதிகலனுக்கு ஒரு முறை பன்னிரண்டு என்று வெட்டச் சொன்ன முதலாளியிடம் தகட்டைத் திருப்பிக் கொடுத்தவர். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பின்னாளில் லட்சுமம்மாவிடம் மட்டும் அவர் ஒப்புக்கொண்டது: ஒன்றே கால் மணி நேரம் செதுக்கியதை வெறும் பொரி என்று ஒருவர் நோட்டில் எழுதுவதை அவரால் பொறுக்க முடியவில்லை.

"சார், அது பொரி இல்லை."

"என்ன மேன் சொல்றே?"

உயரமாக மிதந்த அந்த முதல் பொரியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, ஒரு நிஜப் பொரியோடு சேர்த்து லாயிட் கையில் வைத்தார். "ரெண்டையும் கடிச்சுப் பாருங்க."

லாயிட் ஒன்றைக் கடித்தார், மென்றார். மற்றதைக் கடித்தார். பல்லில் கீச்சென்றது. எடுத்துக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

மஞ்சுநாத்துக்குத்தான் முதலில் புரிந்தது. "குரு," என்றான் மெதுவாக. "மீன் தின்ன முடியாததா இருந்தா..."

"ஈ," என்றார் லாயிட். "உன் விதி. உன் கையெழுத்து."

"அவர் எறியவே இல்லையே," என்றான் தருண். ஜெயிக்கிற பக்கத்திலிருந்து அப்படிச் சொன்னது அவன்தான். "மூங்கில்ல இறக்கி வெச்சார். அது எப்படி எங்க முறை ஆகும்?"

"எறியணும்னு விதியில இல்ல தருண்," என்றாள் சௌம்யா. அப்பாதுரை பக்கம் திரும்பினாள். "ஏன் அங்கிள் சொன்னீங்க? எங்களுக்குத் தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது."

"தெரியாமத்தான் இருந்துச்சு," என்றார் அப்பாதுரை. குரலில் வருத்தத்தைவிடத் திருப்திதான் அதிகம் இருந்ததாகப் பிற்பாடு எல்லாரும் சொன்னார்கள்.

பன்னிரண்டுக்கு விசில் அடித்தது. வேறு மீன் இல்லை.

பித்தளைத் தகட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பெயர் வெட்ட வேண்டும். இடது பத்தியில் அவர் பெயர் மூன்று முறை இருந்தது. சிற்றுளியை வலது பத்திக்குக் கொண்டுபோனார். இறகு என்ற தலைப்புக்குக் கீழே, தருணின் பெயருக்கு அடுத்த வரியில், தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக வெட்டினார். எடையையும் வெட்டினார். இரண்டு கட்சியும் சுற்றி நின்று பார்த்தது. தன் கையால் தன்னைத் தோற்கடித்துக்கொள்கிற ஆளை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

"வாசகம்?" என்றார் லாயிட். "பிடிச்சவர்தான் சொல்லணும்."

அப்பாதுரை யோசித்தார். "பொரியும் நோன் பொரியும்."

லாயிட் கண்ணை மூடிக் கேட்டார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். "நல்ல லத்தீன்," என்றார்.

திரும்பும்போது எப்போதும் அவரை மெட்ரோ வரை பைக்கில் கொண்டுவந்து விடும் மஞ்சுநாத் அன்றைக்கு விடவில்லை. சௌம்யாதான் காரில் விட்டாள். வீட்டில் லட்சுமம்மா மிஞ்சிய களிப் பாத்திரத்தைப் பார்த்துவிட்டு, "இனிமே இது வேண்டாமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றார். "நல்லதாப் போச்சு," என்றவள், அதைக் கழுவப் போட்டுவிட்டு, "ஞாயித்துக்கிழமை வீட்டுல உட்கார்ந்து என்ன செய்வீங்க?" என்றாள்.

புதன்கிழமை மத்தியானம் மஞ்சுநாத் பீன்யா பட்டறை வாசலில் வந்து நின்றான். மூன்று நாளாகப் போனை எடுக்காதவன். உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கேடயத்தில் புது வாசகம் பளபளத்தது. அதைப் படித்தான். மேசை ஓரத்தில் எலுமிச்சைக்காய் அளவில் பழுப்பாய் ஒன்று இருந்தது. அருகில் கார்க் தூள். எடுத்து உருட்டிப் பார்த்தான். மேலே விரல் அழுத்திய தடம்கூட இருந்தது. அப்பாதுரை களி உருட்டும்போது விழுகிற அதே கட்டைவிரல் தடம்.

"களி உருண்டை," என்றான்.

"கார்க். உள்ளே ஈயம் வெச்சிருக்கேன், அடியில போய் நிக்கும். கையை மேலே தூக்க வேண்டாம்."

"தண்ணி புளிக்குமா?"

"கார்க் எப்படிப் புளிக்கும்?"

"மீன் தின்ன முடியுமா?"

"முடியாது."

"அப்போ இது..." மஞ்சுநாத் சொல்ல வந்ததை முழுங்கிக்கொண்டு அதை மூக்கருகே கொண்டுபோனான். முகம் சுருங்கியது. "வாசனை இல்லையே குரு. அடியில இருட்டுல மீன் கண்ணால பார்த்தா எடுக்கும்? கொஞ்சம் வெல்லப்பாகு, கொஞ்சம் புண்ணாக்குத் தண்ணி தடவினா?"

அப்பாதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாசனையை மீன் தின்னுமா? அதை அவர் இதுவரை யோசித்ததில்லை. உருண்டையை வாங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"தெரியலை," என்றார். "லாயிட் சாருக்குப் போன் போடு. தடவுறதுக்கு முன்னாடி கேட்டுடுவோம்."